கப்பல்ல நமக்கு எந்த ரூம்

ஏங்க,

நீங்களும் பாப்பாவும் அசந்து தூங்குதீங்க, எழுப்ப மனசு வரலை. பசுவந்தனையில அக்கா மகளுக்கு வளைகாப்பு, முதல் பஸ்ஸுக்குப் போறேன். பொழுதடைய வந்துருவேன்.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பாப்பாவோட கேப்பைக்கூழை ஆற வச்சுக் குடுங்க. கடை திறக்க இசக்கிபாண்டி அண்ணாச்சி வந்தா, சாவி பிரிட்ஜ் மேல இருக்கு. பாத்ரூம் வாளியெல்லாம் கவுத்து வச்சிருக்கேன். ஒண்ணையும் நிமித்தாதீங்க.

டீலருங்களைக் கப்பல்ல கூட்டிட்டுப் போற உரக்கம்பெனியில இருந்து, எந்த ரூம்னு கேட்டு இன்னைக்குப் போன் வரும். பால்கனி வேண்டாம். ஜன்னலே இல்லாத உள் ரூமாச் சொல்லுங்க. தொட்டிலும் கேளுங்க.

"போனவனை நினைச்சு இருக்கிறவளைப் பூட்டி வைப்பியா?"ன்னு ராத்திரி சத்தம் போட்டீங்க. அந்த வருசம் ஊரே மழை கேட்டுக் கெடந்துச்சு. மழை பேஞ்சு நம்ம கிணறு நிறைஞ்ச அன்னைக்குத்தான், நம்ம மூத்தவன் கவினை அதுல இருந்து தூக்கிட்டு வந்தீங்க. தண்ணி தெரியுத எடத்துல நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?

நேத்து பாப்பா வாளித் தண்ணிக்குள்ள பாத்துச் சிரிச்சு, "ண்ணா, ண்ணா"ன்னு கூப்பிடுதா. நான் அந்தச் சொல்லைச் சொல்லிக் குடுக்கலை. நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?

கூழுக்குச் சீனி போடாதீங்க.

செருப்பை மாட்டிட்டுத் திரும்பி வந்து எழுதுதேன். ஜன்னல் வச்ச ரூமே சொல்லிருங்க. அவன் எட்டிப் பாக்க ஒரு வழி வேணும்லா.