நீலமாகும் தங்கம்

மல்லசமுத்திரம்
12.2.2025

அன்பு அம்மிணி கயல்விழிக்கு மாமன் ரங்கன் எழுதுவது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். மூன்று வயதில் என் வெற்றிலை எச்சிலைக் குச்சியால் கிண்டிக்கொண்டிருந்தாய். "இந்தப் புள்ள எச்சில்லயே டாக்டர் பட்டம் வாங்கும்" என்றேன். உன் அம்மா சீமாறு எடுத்துக்கொண்டு என்னை அடிக்க வந்தாள். இப்போது பார்!

நீ அனுப்பிய நாற்பது எச்சில் சோதனைப் பட்டைகளும் தீர்ந்தன. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள் பட்டையில் சிவப்பாக இருக்கும், எச்சிலில் கிட்னிக் கழிவு மிகுந்தால் நீலமாகும் என்று ஊருக்கே பாடம் எடுத்தேன். எட்டாவதோடு நின்றவன் என்று ஒருத்தரும் நம்பவில்லை. வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை வரிசை. போர்வெல் ரிக் ஓனர் கந்தவேல் காரில் வந்து இறங்கினார். "ஏனுங்க ரங்கண்ணா, நம்ம எச்சிலுக்கு இத்தனை மரியாதைங்களா?" என்றார். "மொதல்ல துப்புங்க, அப்புறம் பேசுங்க" என்றேன். வசந்தாமணி டீச்சர் வெட்கப்பட்டுத் திரும்பி நின்று துப்பினார். ஒவ்வொரு பட்டையிலும் பெயர், வயது எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இருபது நாளும் வீடு கல்யாண வீடாட்டம் இருந்தது. இன்றுதான் கொஞ்சம் வெறிச்சென்றிருக்கிறது. இன்னொரு கட்டு அனுப்பு, சாமி.

மாமன் ரங்கன்


கவுகாத்தி
3.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் இந்தியில் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பட்டைகளின் நிறத்தைக் கருவியில் அளந்தோம். சிரிப்பு நின்றுவிட்டது.

நாற்பதும் ஒரே நீலம், மாமா. இருபது வயதுக்காரருக்கும் எண்பது வயதுக்காரருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஓர் ஊருக்கே கிட்னி கெட்டிருக்க முடியுமா? "எதில் நனைத்தாலும் நீலமாகிற பட்டை இது. இதை விட்டுவிட்டு வேறு ஆய்வு எடு" என்கிறார் என் பேராசிரியை. மாதக் கடைசிக்குள் நான் பதில் சொல்ல வேண்டும். நான்கு வருட உழைப்பு.

பட்டைகளை வெயிலில் வைத்தீர்களா? ஈரக் கையால் தொட்டீர்களா? போனில் கேட்டால் "எல்லாம் ஜோர்" என்று வைத்துவிடுகிறீர்கள். அலங்காரம் வேண்டாம் மாமா, நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் கயல்


மல்லசமுத்திரம்
10.3.2025

அம்மிணிக்கு,

வெயிலும் இல்லை, ஈரக் கையும் இல்லை. உன் பட்டையில் ஒரு குறையும் இல்லை. இதை முதலில் உன் புரொபசரம்மாவிடம் சொல்.

முதல் நாள் பால் சொசைட்டிக்குக் கொண்டுபோனேன். "ரங்கா, நீ உட்ட கதையெல்லாம் பத்தாதா? இப்ப எச்சிலு வேறயா?" என்றார் கந்தவேல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

உன் அத்தை போய்ச் சேர்ந்ததிலிருந்து கரண்டு மீட்டர் பார்க்கிறவரைத் தவிர யாரும் இந்தப் படி ஏறுவதில்லை. இதை உனக்கு எப்படி எழுதுவது? என் மருமகள் கேட்டதும் ஊரே திரண்டது என்று எழுத ஆசையாக இருந்தது. வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பெயரும் வயதும் எழுதினேன். காலையில் ஒரு பட்டை, சாயங்காலம் ஒன்று. யார் பெயர் எழுதினேனோ அவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்த வேலை. பொழுதும் போயிற்று.

கால் வீங்குகிறது. செருப்பு சின்னது என்று எனக்கே கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நாளை சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நீ நம்பமாட்டாய், பஸ் டிக்கெட்டை அனுப்பிவைக்கிறேன்.

புரொபசரம்மாவிடம் இப்படிச் சொல்: நாற்பது தடவை கேட்டும் அந்தப் பட்டை பேச்சு மாறவில்லை. வரிசை நின்றது மட்டும்தான் பொய். நாற்பதும் என் எச்சில், சாமி.

ரங்கன்