மெதுவாக இறுகும் பட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பாவின் வலது கை விரல்கள் கொஞ்சமாவது மடங்குகின்றனவா? போனில் கேட்டால், "எல்லாம் சரியாப் போச்சுடா" என்கிறார். அதனால்தான் உன்னிடம் கேட்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கூத்து. நம் பழைய காரைப் போலவே உள்ளங்கை அளவில் ஒரு மாடல் கார் வாங்கினேன். பானெட்டின் மேல் அப்பா தன் டிங்கர் பட்டறையில் தகரத்தைத் தட்டி வைத்த அந்தப் புடைப்பு மட்டும் இதில் இல்லை. அதைச் செய்ய, இரண்டு கட்டிகளைக் கலந்து பிசைந்தால் ஐந்தே நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பட்டியை வாங்கிப் பிசைந்தேன். வடிவம் வருவதற்குள் கையிலேயே கல்லாகிவிட்டது.

"டிங்கர் புள்ளைன்னு வெளியே சொல்லிடாதடா, மானம் போயிடும்" என்று அறைத்தோழன் சிரித்தான். விரலில் லேசாகத் தோல் உரிந்ததோடு சரி, பயப்படாதே. அறைத்தோழன் அடுத்த வாரம் வேறு ஊருக்குப் போகிறான்.

மறுநாள் கடையில், இருப்பதிலேயே மெதுவாக இறுகும் பட்டியைக் கேட்டேன்.

"இது மூணு மணி நேரம் இளகியே இருக்கும். அவ்வளவு நேரம் எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பட்டியையும் காரையும் இத்துடன் அனுப்புகிறேன். கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கட்டியிலும் சம அளவு எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசை. அப்பாவுக்கும் கையுறை மாட்டி, வலது கையில் கொடு; பானெட் புடைப்பை அவரே பிடித்து வைக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நீ கை வைக்காதே. கோணலாக வந்தாலும் அப்படியே இறுகவிட்டுத் திருப்பி அனுப்பு. நான் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க மாட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது, பஸ் வந்துவிடும்.

உன் மகன்