மாமிட வீட்டு ஏசி

மாமிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கட பிரஷர் எப்படி? என்ட மகள் மின்ஹாக்குக் காய்ச்சல் விட்டிச்சா? எனக்குச் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

அறை ஏசிட வெளி ஃபேன் உறுமுது, சுத்தல்ல எண்டு வொய்ஸ் போட்டிருந்தீங்க. ஃபேனைச் சுத்த வைக்கிற கெப்பாசிட்டர் போயிருக்கும். புதுசொண்டு இந்தக் கடிதத்தோட ஊருக்கு வாற ஆளுட்ட குடுத்து விடுறன். தடியால ஃபேனைத் தள்ளிப் பாக்காதீங்க. மெயின் சுவிச்சை நிப்பாட்டிப்போட்டு, வயரிங் வேலை செய்யுற றிஸ்மிட்டச் சொல்லிப் போடுங்க.

நேத்து தோஹாவுல ஒரு வீட்டுல நான்தான் மெயினை நிப்பாட்ட மறந்து ஃபேன்ல கை வச்சிட்டன். விரல்ல ரெண்டு தையல், பயமில்ல. ஒரு நாளைக்கு ஆறு ஏசி திருத்துறன் மாமி. அங்க என்ட புள்ள வேர்த்துப் படுக்குது, ஒண்டும் செய்ய ஏலாம இரிக்கன்.

மின்ஹா தூங்கக்குள்ள ஒரு வொய்ஸ் எடுத்து அனுப்புங்க. மூச்சுச் சத்தம் மட்டும் போதும்.

ஃபோனுல கேக்க வாய் வரல்ல. அது உங்கட மகள் பஸ்லியாக்கு, எங்கட கலியாணத்துக்கு நீங்க சீதனமாத் தந்த வீடு. அவ மௌத்தாகி, அடக்கி நாலு மாசம். என்ட உம்மா, என்ட உடுப்பெல்லாம் அங்கயிருந்து தன்ட வீட்டுக்கு எடுத்திட்டு வரட்டா எண்டு கேக்குறா. நோன்புக்கு லீவு கிடைச்சிருக்கு. கட்டுநாயக்கா ஏர்போட்டுல வேன்காரனுக்கு எந்த வீட்டைச் சொல்ல?

டியூட்டி பஸ் வந்திட்டு.

மருமகன் எண்டு இன்னும் எழுதலாமெண்டா,
மருமகன் றினாஸ்