கூசிக்கு சாலையில் கழித்த வண்டிகள்

செப்டம்பர் 4, 2023, திங்கள்

காலையில் கூசிக்கு கிராமத்துச் சாலையின் குறுக்கே ரப்பர்க் குழாயைப் போட்டு, பெட்டியை மாட்டிவிட்டு வந்தேன். வண்டி ஏறி இறங்கினால் பெட்டியில் ஒன்று கூடும். முப்பது வருடமாக ஊராட்சியில் இதே வேலை. அக்டோபரோடு ஓய்வு. இதுதான் என் கடைசி எண்ணிக்கை.

இந்தத் தடவை விதி மாறியிருக்கிறது. நாளொன்றுக்கு இருபது வண்டி போகாத சாலைக்கு அரசு இனிப் பராமரிப்புப் பணம் தராதாம். பணம் வராத சாலைக்கு நாங்கள் பனி தள்ளும் வண்டியை அனுப்ப முடியாது. பனி கிடந்தால் பால் லாரி வராது. சாலைக் கோடியில் இருக்கும் ஊர்மஸ் மாடுகளை விற்க வேண்டியதுதான். அவனுக்குப் பக்கத்து வீடு என் மனைவி ஹெல்வி பிறந்த வீடு. அவள் இறந்து இரண்டு வருடம். பூட்டிக் கிடக்கிறது.

செப்டம்பர் 5

பைன் மர வளைவைத் தாண்டினாலே அந்த ஞாபகம். தொண்ணூற்று மூன்றில் குழாயும் கிடையாது, பெட்டியும் கிடையாது. காருக்குள் உட்கார்ந்து கையால் கோடு போட வேண்டும். ஒரு மஞ்சள் லாடா கார் ஒரே மத்தியானத்தில் ஏழு தடவை போனது. ஓட்டிய பெண் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கையசைத்தாள். ஏழாவது தடவை நிறுத்திக் கேட்டேன்.

"ஈஸ்ட் வாங்க மறந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"சர்க்கரை. நான் மறதிக்காரி சார், அதையும் எழுதிக்கோங்க."

எண்ணிக்கை கூடினால் சாலைக்குப் பணமும் கூடும் என்று, எண்ணும் வாரம் வந்தால் அந்தச் சாலை முழுக்க அப்படித்தான். காபி குடிக்க, இரவல் வாங்கிய ரம்பத்தைத் திருப்பித் தர, சும்மா ஒரு எட்டுப் பார்க்க என்று நடந்து போகும் தூரத்துக்கும் வண்டியை எடுப்பார்கள். திருவிழா மாதிரி இருக்கும். எனக்குத் தெரியாதா என்ன! ஆனால் கையும் களவுமாக மாட்டியவள் இவள் ஒருத்திதான். ஒரு தடவையை விட்டுவைத்து, ஆறைக் கழித்தேன்.

மறு வருடம் அவளுக்கும் எனக்கும் கல்யாணம். கடைசிவரை வீட்டுக்கு வருகிறவர்களிடம், "இவர்தான் என்னைக் கழிச்ச மனுஷன்" என்றுதான் அறிமுகப்படுத்துவாள்.

செப்டம்பர் 7

இப்போது யாரும் யாரையும் பார்க்கப் போவதில்லை. போக ஆள் எங்கே?

செப்டம்பர் 9

பெட்டியைப் பார்க்கும் சாக்கில் தினமும் அவள் வீட்டுக்குப் போகிறேன். இன்றைக்கு அடுப்பைப் பற்றவைத்தேன். புகை முதலில் வீட்டுக்குள்ளேயே சுற்றியது, பிறகு வழி கண்டுபிடித்துவிட்டது. அவளுடைய பழைய கம்பளிச் சட்டை இன்னும் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. கொஞ்ச நேரம் அழுதேன். பரவாயில்லை, யார் பார்க்கப் போகிறார்கள்.

செப்டம்பர் 11

சராசரி இருபத்தொன்று. தப்பித்தது என்று பெருமூச்சு விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. எண்ணுகிறவன் தன் வண்டியைச் சேர்க்கக் கூடாது. தினமும் நான் போனது ஒன்று, வந்தது ஒன்று. அந்த இரண்டும் போனால் பத்தொன்பது.

ஊர்மஸிடம் நானே போய்ச் சொன்னேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கட்டிக்கப் போறவளையே கழிச்ச ஆளு நீங்க. உங்களைக் கழிக்கிறதுக்கு யோசிப்பீங்களாண்ணே?"

யோசித்தேன்டா, ஊர்மஸ். ராத்திரி முழுக்க யோசிப்பேன் போலிருக்கு. ஆனா பொய் எழுத கை வரல. என்ன ஜென்மம் நான்!

செப்டம்பர் 12

பத்தொன்பது என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 20

என் இடத்துக்கு வரப்போகிற கெர்து விதியை ஒழுங்காகப் படித்திருக்கிறாள். மே மாதம் ஒரு தடவை மறு எண்ணிக்கை கேட்கலாமாம். அதுவரை பனிவண்டி போகும். கெட்டிக்காரி.

நவம்பர் 12

டவுன் வீட்டைக் காலி செய்துவிட்டு ஹெல்வி வீட்டுக்கே வந்துவிட்டேன். ஊர்மஸ் சோபாவைத் தூக்க வந்தான். "ரோட்டுக் கணக்குல ஒரு வண்டி கூடணும்னு வந்தீங்களா, அவளுக்காக வந்தீங்களா?" என்று கேட்டான். "சோபா உன் பக்கம் சாயுது, பார்த்துத் தூக்கு" என்றேன்.

பிப்ரவரி 3, 2024

பனிவண்டிச் சத்தத்தில் விழித்தேன். எவ்வளவு நல்ல சத்தம்.

மே 15

இன்று அவள் பிறந்தநாள். ஏலக்காய் ரொட்டி சுடலாம் என்று கடைக்குப் போய், மாவும் வெண்ணெயும் வாங்கி, வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் ஈஸ்ட் இல்லை. திரும்பவும் காரை எடுத்தேன். வளைவில் கெர்து குழாயைச் சரிபார்த்துக்கொண்டு நின்றாள். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சார், இப்பதானே போயிட்டு வந்தீங்க?"

"ஈஸ்ட் மறந்துட்டேன்மா."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

மே 22

சராசரி இருபத்திரண்டு. சாலை தப்பித்தது. ஊர்மஸ் ஒரு வாளிப் பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

அந்த ஈஸ்ட் பயணத்தை மட்டும் கெர்து கழித்துவிட்டாளாம். நான்தானே பழக்கினேன். நிஜமாகவே மறந்துவிட்டேன் என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை, சிரிக்கிறாள்.

ஹெல்வி, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு நீயும் நிஜமாகவே மறந்துதான் போனாயா? ஏழு தடவையும்?