வாத்துகள் வரும் நாளை எழுதிய கொப்பி

என் கண்ணான தங்கை வதனிக்கு,

உன் குறிப்புக் கொப்பியைப் பூட்டி வைத்துவிட்டார்கள். பிரதியெடுத்து, கனடாவின் வடக்கே நீ படிப்பித்த பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லி வாங்கியவர்கள், ஒரு பக்கம்கூட அனுப்பவில்லை. சுகம் விசாரிப்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது.

வைத்தியம் இனிப் பலிக்காது என்று தெரிந்த பிறகும், மிசிசாகாவிலுள்ள அந்தக் கல்வி அலுவலகத்துக்கு என்னைக் கார் ஓட்டச் சொன்னாய். சீற் பெல்ட்டுக்குள் கொப்பியையும் சேர்த்து அணைத்துக்கொண்டு வந்தாய். சிறிய விமானத்தில் போய் இறங்கும் அந்தப் பூர்வகுடி ஊரில் பதினொரு வருடம் படிப்பித்து, உதவியாசிரியை மார்த்தா பக்கத்திலிருந்து சொல்லச் சொல்ல நீ எழுதியது அது. மார்த்தா அந்த ஊர்ப் பெண். அடுத்து வருகிறவர் எதை யாரிடம் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. இணையம் பாதி நாள் படுத்துவிடும் ஊரில், புதிதாக வருகிறவர் வேறு எதைப் பார்ப்பார்?

நீ கண்மூடிய பிறகு உன் இடத்துக்குப் புது ஆசிரியை வந்தாள். அதே வருடம் மார்த்தாவின் வேலையையும் அலுவலகம் நிறுத்திவிட்டது. சொல்ல ஆளுமில்லை, வாசிக்கக் கொப்பியுமில்லை.

வசந்த வேட்டைக்கான விடுமுறை கலண்டரில் மே மாதம். இந்த முறை பனி முந்தி உருகிற்று. காட்டு வாத்துகளும் முந்தி வந்தன. வாத்து கலண்டர் பார்த்தா பறக்கும்? குடும்பங்கள் பிள்ளைகளோடு வேட்டைக்குப் போயின. புது ஆசிரியை வரவுப் பதிவில் அத்தனை பிள்ளைகளுக்கும் ‘வரவில்லை’ என்று போட்டாள். அலுவலகம் தாய்மாருக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அரசாங்கம் பிள்ளைகளைப் பறித்துக்கொண்டுபோய் விடுதிப் பள்ளிகளில் அடைத்த காலத்தை மறக்காத ஊர் அது. இப்போது பயந்துபோய்ப் பலர் பிள்ளைகளை அனுப்புவதில்லை; வகுப்பில் உட்காரும் வாங்குகளில் பாதி வெறுமை.

மார்த்தாதான் தொலைபேசியில் சொன்னாள். அடுத்த நாளே கொப்பியைக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். முன் மேசையில் எங்கள் தமிழ்ப் பெடியன் ஒருவன்.

“அங்கிள், உது இப்ப ஒப்பீஸ் சொத்து. அன்ரி கையெழுத்துப் போட்டுத்தானே தந்தவா?”

“போட்டோக்கொப்பி எடுக்கத் தந்தவ தம்பி, பூட்டி வைக்க இல்லை. உள்ளுக்கை என்ன இருக்கெண்டு ஆராவது பாத்தனீங்களோ?”

“நான் பாக்கேல்லை. டிரெக்டரும் பாக்கேல்லை. அப்ரூவல் வராமல் பாக்கேலாது, அங்கிள்.”

“வாசிக்காமலே ஆபத்தெண்டு கண்டுபிடிச்ச கெட்டிக்காரர்!”

“கத்தாதேங்கோ, பிளீஸ். செக்யூரிட்டி வந்திடும்.”

“வரட்டும். அவனாவது வாசிக்கிறானோ எண்டு கேப்பம்.”

அவர்களுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. கொப்பியில் எழுதியதையெல்லாம் நீ ஞாயிறுதோறும் எனக்குத் தமிழிலும் எழுதினாய். ஒன்றையும் நான் எறியவில்லை. வாத்துக் கடிதமும் இருக்கிறது: “விடுமுறை நாளை அலுவலகம் குறிக்கும். வாத்து வரும் நாளை மார்த்தாவிடம் கேட்டு, அதற்கேற்ப மாற்ற வேண்டும்.” இவ்வளவுதானே, வதனி? இந்த ஒரு வரியையா பூட்டி வைத்தார்கள்?

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பாண் சுடும் தொழிற்சாலையில் மா மூட்டைகளுக்கு நடுவில் அகராதி வைத்து இங்கிலிஷ் படித்தவன். அந்த இங்கிலிஷில் உன் கடிதங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் முதலில் தொலைபேசியில் மார்த்தாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். “இது போகலாம், அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும்” என்பாள். அவள் சரி என்றது மட்டும் ஆசிரியைக்குப் போகிறது.

ஒரு பிரதி, கொப்பியைப் பார்க்காத அந்தப் பணிப்பாளருக்கும் போகிறது, பதிவுத் தபாலில், திங்கள்தோறும். அவரே கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். கையெழுத்துத்தானே அவர்களுக்குப் பெரிது?

“அண்ணை, உங்களுக்கு மறக்கவே தெரியாது” என்று சிரிப்பாய். ஓம், தெரியாது. ஆகவே கேள்.

பணிப்பாளர் கொப்பியைத் திருப்பித் தரவேண்டும், எனக்கல்ல, மார்த்தாவின் கையில். அலுவலகம் அவளுடைய வேலையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். தாய்மாருக்குக் கடிதம் அனுப்பியவர்கள் விமானமேறிப் போய், வீடு வீடாக மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆசிரியை ‘வரவில்லை’ என்று போட்டதை அழிக்கவேண்டும். அதுவரை திங்கள்தோறும் பணிப்பாளர் கையெழுத்துப் போடவேண்டும். உன் கடிதங்கள் இன்னும் ஐந்து பெட்டி இருக்கின்றன. நான் ஒரு திங்களும் தவறமாட்டேன்.

மறக்கத் தெரியாத,
உன் அண்ணன்