பழுப்புத் தாளுக்கு அந்தப் பக்கம்

ஜூலை 8, திங்கள்
மார்க்கெட் மேற்பார்வையாளர் செரபின் வந்தார். என் பாச்சோய் நூடுல்ஸ் சூப் கடைக்கும் தெல்ஃபா அக்காவின் பாச்சோய் கடைக்கும் நடுவே, இருபுறமும் பழுப்புத் தாள் ஒட்டியபடியே நிற்கும் அக்ரிலிக் தகட்டைத் தட்டினார். "கொரோனாவுக்கு வச்சது. இன்னும் தாளைக்கூட உரிக்கல! வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பக்கம் தெரியணும். இல்லேன்னா ரெண்டு கடையும் மூடு."

உரிக்கத் தெரியாமலா விட்டோம்? சூப்பில் என்ன போட வேண்டும் என்று அம்மா சாகும் முன் என் காதில் மட்டும் சொன்னாள். 'அக்காவுக்குத் தெரியக் கூடாது' என்றாள். அக்காவோ, அம்மா தன்னிடம்தான் சொன்னதாக ஊரெல்லாம் அளக்கிறாள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது அவள் கண் முன்னாலேயே நான் சமைக்கணுமாம்!

ஜூலை 9
வெந்நீர் ஊற்றினேன். தாள் நனைந்தது, நான் நனைந்தேன், பசை அசையவில்லை. இரண்டு நகம் போச்சு.

ஜூலை 10
அந்தப் பக்கம் சர்ர்ரென்று உரியும் சத்தம். எப்படி? விடுவேனா நான்? ஓடிப்போய்ப் பெயிண்ட் தின்னர் வாங்கி வந்து மூடியைத் திறந்தேன். தகட்டுக்குப் பின்னாலிருந்து குரல்:

"தின்னர் வாடையா அது? அறிவிருக்காடி பெபாங்? தகடு வெடிச்சுப் போயிடும். பன்றிக்கொழுப்பைத் தடவி ஊற விடு!"

நாலு வருஷத்தில் முதல் பேச்சு. கொழுப்பெடுத்தவள் சொன்னது கொழுப்பு வைத்தியம். மூடியை மட்டும் மூடினேன்.

ஜூலை 11
கொழுப்பு ஊறிய இடத்தில் காசளவு தாள் வந்தது. குனிந்து பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு கண்!
"மாதாவே!" — இருவரும் கத்தினோம்.

ஜூலை 12, வெள்ளி
தகடு பளிச். செரபின் தலையாட்டிவிட்டுப் போனார். ஆள் வரத் தொடங்கிவிட்டது, சூப் கொதிக்கிறது, போட வேண்டியதைப் போட்டாகணுமே — என்ன செய்வேன்? அக்கா முதுகைக் காட்டும்வரை காத்திருந்தேன். காட்டினாள். சட்டென்று இடுப்பிலிருந்து மஞ்சள் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கடித்தேன். அதே நேரம் அவளும் திரும்பினாள். அவள் பல்லிலும் அதே மஞ்சள் பாக்கெட். மூலைக் கடையில் சரம்சரமாகத் தொங்குமே, அந்தச் சூப் பொடி!

"அம்மா உன்கிட்டயும் சொன்னாளா?" என்றேன்.

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்னாடி."

"அடிப்பாவி அம்மா!"

சிரித்துச் சிரித்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கும்தான்.

ஜூலை 15
நல்ல கூட்டம். நடுவில் பொடி தீர்ந்துவிட்டது. தகட்டுக்கு மேலே கையை நீட்டினேன். அக்கா ஒரு பாக்கெட்டை வைத்து என் விரல்களை மடக்கினாள்.

"யார்கிட்டயும் சொல்லாதே," என்றாள்.