செவப்பும் பச்சையும் கலந்தா

நகரி
4.2.2008

சிங்கப்பூர் தொரை சேகருக்கு,

அஞ்சாங்கிளாஸோட தப்பிச்ச உன் சிநேகிதன் வேதாச்சலம் எழுதறது. என் நாலு தறியும் நல்லா ஓடுது. நீ இன்னும் சம்பளம் வாங்காம ஊருக்கெல்லாம் சாஃப்ட்வேர் எழுதிக்கினுதான் இருக்கியா?

நீ ஏத்திக்குடுத்த படம் வரையற சாஃப்ட்வேர்ல, ஒரு இழை செவப்பு ஒரு இழை பச்சைன்னு புடவை வரைஞ்சேன். படத்தைச் சின்னதாக்கினா ரெண்டும் கலந்து அழுக்குப் பழுப்பாச்சு. திருப்பதி ஜவுளிக்கடை பாலையாவுக்கு அது புடிச்சுப்போச்சு. நெய்து கொண்டுபோனா தேன் மாதிரி மின்னுது! "படத்துல இருந்தது இது இல்லையே"ன்னு திருப்பிட்டார்.

நான் சாயம் போடற சந்திரம்மாவைத் திட்டித் தீர்த்துட்டேன். "சாயம் சரியாத்தான் கீது, உன் பொட்டிதான் பொய் சொல்லுது"ன்னுட்டு, பதினாலு வருசமா வந்த மனுசி எழுந்து போயிட்டா.

நேத்து அவ சாயம் போட்ட நூல் சிட்டத்தைக் கம்ப்யூட்டர் திரைகிட்ட வெச்சுப் பார்த்தேன்டா. செவப்பு அதே செவப்பு, பச்சை அதே பச்சை. கலந்தாதான் படம் இருட்டுது! அவ சொன்னது நெசமா? நெசம்னா எந்த மூஞ்சியை வெச்சுக்கினு அவ வாசல்ல நிப்பேன்? புடவைத் துண்டு வெச்சிருக்கேன், பார்த்து எழுது.

வேதாச்சலம்


சிங்கப்பூர்
19.2.2008

அன்பு வேதா,

துண்டைப் பார்த்து ஆபீஸ்லயே குதிச்சேன்டா! சந்திரம்மா சொன்னதுதான் நிஜம். தப்பு அந்த சாஃப்ட்வேரை எழுதின எங்களோடது.

கம்ப்யூட்டர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் வெச்சிருக்கு. அந்த எண்ணே வெளிச்சத்தோட அளவு இல்ல. எண் பாதியானா வெளிச்சம் கால்வாசிக்கும் கீழே போயிடும். நாங்க எண்களைக் கலந்தோம், இருட்டிடுச்சு. உன் தறி வெளிச்சத்தையே கலக்குது. நாங்களும் எண்ணை முதல்ல வெளிச்சமா மாத்தி, கலந்து, திரும்ப எண்ணாக்கணும். ரெண்டு வருஷமா கத்தினேன். "யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"ன்னாங்க கூட எழுதறவங்க. உன் புடவையைக் காட்டினேன், அன்னைக்கே திருத்த உக்காந்துட்டாங்க!

திருத்தினது இந்த சிடியில இருக்கு. சாஃப்ட்வேருக்கு உதவினவங்க பட்டியல்ல உன் பேரைப் போடட்டுமா?

சேகர்


நகரி
8.3.2008

டேய் சேகரு,

தேன் கலர் வந்துடுச்சுடா! கம்ப்யூட்டரையே ஆட்டோவுல ஏத்திக்கினு சந்திரம்மா வீட்டுக்குப் போயிட்டேன். பழைய படம், புதுப் படம், பக்கத்துல புடவை. தெருவே கூடிடுச்சு. எல்லார் எதிர்லயும், "தப்பு என்னுதுதான் சந்திரம்மா"ன்னேன்.

"பொட்டிக்குப் புத்தி வந்துடுச்சு. உனக்கு?"ன்னா. தெருவே சிரிச்சுது, நானும்தான்.

இன்னிக்குக் காலையில சாயத்தொட்டிகிட்ட நின்னுக்கினு என்னையே வேலை வாங்கறா. பாலையா இன்னும் அந்த அழுக்குப் பழுப்புதான் வேணுங்கறார்! அது இழை கலந்தா வராது, தொட்டியில சாயமாவே போட்டாத்தான் வரும்னு அவளுக்கு ஒரே குஷி.

பட்டியல்ல என் பேரு வேணாம், அவ பேரைப் போடுன்னு எழுதறேன்னேன். கையைத் துடைச்சுக்கினு வந்து இந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தா. "வெறும் சந்திரம்மான்னா ஊருக்கு நூறு பேரு கீறாங்க. நகரி, சாயக்காரின்னு சேர்த்துப் போடச் சொல்லு"ங்கறா.

சேர்த்தே போட்டுடுடா.

வேதாச்சலம்